டி.வி. பெட்டிக்கும் காவல் கேமராவுக்கும் சண்டையா?

ஆடி மாதச் சனிக்கிழமை. குச்சனூர் சுயம்பு சனீஸ்வரர் கோயிலுக்கு வந்த கூட்டத்தால் தெருவே நிரம்பி வழிந்தது. பக்கத்து வீட்டு இளம் தாய், பத்து மாதப் பிள்ளையைப் பாயில் தூங்கவைத்து, மாமியாரிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். நடுநடுவே செல்போனில் கேமராப் படத்தைப் பார்த்துக்கொண்டாள். பிள்ளை அசையாமல் தூங்கியது. அவளுக்கு நிம்மதி.

ஆனால் உண்மையில் பிள்ளை வாசல்படிக்கே தவழ்ந்து வந்துவிட்டது! நல்ல வேளை, நான் பார்த்துத் தூக்கினேன். மாமியார் டி.வி. பார்த்தபடியே கண்ணயர்ந்திருந்தார்.

"போன்ல தூங்குற மாதிரிதானே மதினி தெரிஞ்சுச்சு! இதென்ன மாயம்?" என்று அவள் அழுதாள்.

மாயம் ஒன்றுமில்லை, சகோதரிகளே. டி.வி. பெட்டி ஓடத் தொடங்கியதும் கேமராவின் படம் உறைந்துபோய்விட்டது. அவள் பார்த்தது பழைய படம்!

ஏன் இப்படி? நம் கம்பம் பள்ளத்தாக்குப் பெண்களுக்கு வாய்க்கால் பாசனம் தெரியாதா? மேல்மடைக்காரர் முழுதாகத் திறந்துவிட்டால் கடைமடை காயும். வைஃபையும் அப்படித்தான். தெளிவான படத்துக்கு டி.வி. பெட்டி நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் இழுக்கும். கேமராவும் அதே அலைவரிசையில், அதுவும் சிக்னல் குறைந்த மூலையில் இருந்தால், முதலில் திணறுவது அதுதான்.

சரிசெய்வது எப்படி?

1. ரூட்டரை டி.வி.க்குப் பின்னால் ஒளித்துவைக்காதீர்கள். வீட்டின் நடுவே, உயரமாக, இரும்பு பீரோ, மைக்ரோவேவ் அடுப்பு இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

2. பல ரூட்டர்களில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. விலை மலிவான கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அது சுவரைத் தாண்டியும் ஓரளவு போகும். 5 வேகமானது, ஆனால் எட்டும் தூரம் குறைவு. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, கேமராவை 2.4-இலும் டி.வி. பெட்டியை 5-இலும் இணையுங்கள். டி.வி. பெட்டியை ரூட்டரோடு கேபிள் வயரால் இணைத்துவிட்டால் இன்னும் மேல்.

3. பக்கத்து வீடுகளின் ரூட்டர்களும் குறுக்கிடும். 2.4-இல் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள் ஒன்றோடொன்று மோதாதவை. அவற்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

4. கரண்ட் போய் வந்ததும் தகராறா? ரூட்டர் இரண்டு சாதனங்களுக்கு ஒரே எண்ணைக் கொடுத்திருக்கலாம். ஒரே கதவு எண் இரண்டு வீட்டுக்கு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? எல்லாவற்றையும் அணைத்து, முதலில் ரூட்டரைப் போடுங்கள். மூன்று நிமிஷம் கழித்து மற்றவற்றைப் போடுங்கள். அடிக்கடி நடந்தால், கேமராவுக்கென ஒரு நிரந்தர எண்ணை ரூட்டரில் ஒதுக்கலாம்.

5. கேமராவின் படத் தரத்தை ஒரு படி குறையுங்கள். பதிவை மெமரி கார்டிலேயே வைத்துக்கொண்டால் இணையத்தின் சுமை குறையும்.

6. கேமராவோடு வந்த பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். 2016-இல் 'மிராய்' என்ற கணினிக் கிருமி, பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் தேடிப் பிடித்துத்தான் உலகெங்கும் இணையத்தையே தடுமாற வைத்தது.

இன்னொன்று, மறவாதீர்கள்: படத்தின் மூலையில் நேரம் ஓடும். படத்தைப் பார்க்குமுன் அந்த நேரம் நகர்கிறதா என்று பாருங்கள். நின்றிருந்தால், நீங்கள் பார்ப்பது பழங்கதை. உடனே வீட்டுக்குப் போன் போடுங்கள்.

பக்கத்து வீட்டில் அன்று சாயங்காலமே ரூட்டரை இடம் மாற்றி, டி.வி. பெட்டிக்கு வயர் கொடுத்தோம். இப்போது சீரியலும் ஓடுகிறது, கேமராவும் கண் திறந்திருக்கிறது. ஆனாலும் அவள் கடைக்குக் கிளம்பினால், "மதினி, பிள்ளைய ஒரு கண்ணு பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள். அதுதான் சரி. கேமரா பார்க்கும், ஓடிவந்து தூக்காதே!