இது எந்தச் சுற்றில் எழுதியது?

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில், துர்காபாய் தேஷ்முக் சாலையில், டாக்டர் எம்.ஜி.ஆர்.-ஜானகி மகளிர் கல்லூரி இருக்கிறது. உங்கள் தாத்தா பாட்டி இளைஞர்களாக இருந்தபோது அந்த இடத்தில் சத்யா ஸ்டூடியோ இருந்தது. நடிகர்களின் வசனமும் பாடகர்களின் குரலும் சுழலும் டேப்பில் பதிவான காலம் அது. அதே வட்டாரத்தில், கடலை ஒட்டிய எம்.ஆர்.சி. நகரில், இப்போது சன் டிவியின் தலைமை அலுவலகம் இருக்கிறது. ஸ்டூடியோ போய்விட்டது, ரீல் டேப்பும் போய்விட்டது. ஆனால் டேப் என்ற பொருள் மட்டும் போகவே இல்லை. உலகெங்கும் பல தொலைக்காட்சி, திரைப்பட நிறுவனங்கள் பழைய படங்களையும் நிகழ்ச்சிகளையும் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க இன்றும் காந்த நாடாவை நம்புகின்றன.

"பென் டிரைவ் இருக்கிறது, கிளவுட் இருக்கிறது, இன்னும் எதற்கு டேப்?" என்று கேட்பீர்கள். கிளவுட் வைத்திருப்பவர்களிடமே டேப் இருக்கிறது, பிள்ளைகளே! 2011 பிப்ரவரி இறுதியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயிலில் ஆயிரக்கணக்கானோரின் மின்னஞ்சல்கள் காணாமல் போயின. வேறு வேறு இடங்களில் வைத்திருந்த பிரதிகளும் சேர்ந்தே அழிந்தன. கூகுள் அவற்றை மீட்டது டேப்பிலிருந்துதான். எந்த வலையோடும் இணையாமல் தனியாக இருந்ததால் டேப்பை அந்தப் பிழையால் தொட முடியவில்லை. ஜெனீவா அருகே அணுத்துகள்களை மோதவிட்டு ஆராயும் செர்ன் ஆய்வகமும் தன் அளவீடுகளை டேப்பில்தான் சேமிக்கிறது. அங்கே நடக்கும் சிஎம்எஸ் ஆய்வில் நம் சென்னை ஐஐடியும் பங்கேற்கிறது.

இன்று பெரிதும் புழங்கும் டேப்புக்கு எல்டிஓ என்று பெயர். 2000ஆம் ஆண்டில் வந்தது. முதல் எல்டிஓ கார்ட்ரிட்ஜில் 100 ஜிகாபைட் கொள்ளும். 2021ல் வந்த ஒன்பதாம் தலைமுறையில் 18 டெராபைட்! ஒரு சினிமாவுக்கு 5 ஜிகாபைட் என்று வைத்துக்கொண்டால் 3,600 சினிமா. உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பெட்டிக்குள் 1,035 மீட்டர் நீள நாடா சுற்றியிருக்கிறது. அதன் அகலம் அரை அங்குலம். அந்த அரை அங்குலத்துக்குள் 8,960 தடங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு தடமும் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கைவிடச் சற்றே அகலம். ஒரே நேரத்தில் 32 தடங்கள் எழுதப்படும். அப்படியானால் நாடாவை நிரப்ப அது எத்தனை முறை முனைக்கு முனை ஓட வேண்டும்? 8,960ஐ 32ஆல் வகுத்துப் பாருங்கள். 280 முறை!

நாடாவின் மேல் மிக நுண்ணிய காந்தத் துகள்கள் பூசப்பட்டிருக்கும். எழுதும் ஹெட் ஒரு குட்டி மின்காந்தம். அது துகள்களின் வடமுனையை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பிவிடும். படிக்கும் ஹெட் அந்தத் திருப்பங்களை உணர்ந்து 0, 1 என்று சொல்லும். இவ்வளவும் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த சங்கதி.

டேப் விலை உள்ள பொருள். உள்ளே இருப்பது தேவையில்லை என்றால் அதே நாடாவில் மறுபடி எழுதுவார்கள். இப்படிச் செய்ததில் பெரிய இழப்புகளும் நேர்ந்திருக்கின்றன. 1969ல் நிலவில் மனிதர் இறங்கியதைப் பதிவு செய்த அப்பல்லோ 11இன் மூல டேப்புகளைத் தேடிய நாசா, அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009ல் அறிவித்தது. அந்தச் செய்தியை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது.

பழைய கேசட் பிளேயரில் பதிவு செய்யும் ஹெட்டுக்கு முன்னால் அழிக்கும் ஹெட் ஒன்று இருக்கும். முதலில் அழிப்பு, பிறகு பதிவு. எல்டிஓவில் அப்படித் தனியே அழிப்பது கிடையாது. பழையதன் மேலேயே புதியது எழுதப்படும். புதிய காந்தப் புலம் போதிய வலிமையோடு இருப்பதால் துகள்கள் பழைய திசையை விட்டுவிட்டுப் புதிய திசைக்குத் திரும்பிவிடும்.

எல்லாத் துகளும் திரும்பினால் சரி. திரும்பாவிட்டால்?

நாடா விநாடிக்குச் சில மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று ஹெட்டுக்கும் நாடாவுக்கும் நடுவே வந்தால் போதும், ஹெட் சற்றே எழும்பிவிடும். அந்த இடத்தில் புதிய எழுத்து பதியாது. அடியில் போன வருடம் எழுதியது அப்படியே இருக்கும். சில நேரம் 32 ஹெட்டுகளில் ஒன்றில் மட்டும் அழுக்கு அடைத்துக்கொள்ளும். அப்போது ஒரு தடத்தில் மட்டும் நெடுந்தூரத்துக்குப் பழைய எழுத்து தப்பிவிடும். இன்னொரு வகை எளிமையானது. போன தடவை நீளமாக எழுதியிருந்தோம், இந்தத் தடவை கொஞ்சம்தான் எழுதினோம் என்றால் மிச்சம் இருக்கும் வால் பகுதி முழுக்கப் பழசு. இதற்குத் தீர்வு சுலபம். 'இத்தோடு முடிந்தது' என்று ஓர் அடையாளத்தை எழுதிவிட்டால் போதும், படிக்கும் கருவி அங்கே நின்றுவிடும். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் குட்டி சிப்பிலும் அது குறிக்கப்பட்டிருக்கும். நடுவில் திட்டுத் திட்டாகத் தப்பும் பழசுதான் உண்மையான தலைவலி.

உங்கள் வகுப்புக் கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்றைய கணக்கை அழித்துவிட்டு டீச்சர் இன்றைய கணக்கை எழுதுகிறார். நடுவில் ஒரு வரி மட்டும் டஸ்டரில் தப்பிவிட்டது. தாமதமாக வந்த மாணவி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்கிறாள், அந்த வரியையும் சேர்த்து. அவளைக் குறை சொல்ல முடியுமா? அந்த வரி கிறுக்கலாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள். அது அழகாக, தெளிவாக, டீச்சரின் கையெழுத்தில் இருக்கிறது.

டேப் பொறியாளர்கள் அஞ்சுவது இதைத்தான். டேப்பில் எழுதும் ஒவ்வொரு துண்டோடும் பிழையைக் கண்டுபிடிக்கும் துணை எண்களும் சேர்த்து எழுதப்படுகின்றன. கீறல் விழுந்த துண்டு, மங்கிய துண்டு எல்லாம் அந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். பழைய துண்டு மாட்டாது! ஏனென்றால் அது எழுதிய நாளில் சரியாகவே எழுதப்பட்டது. அதன் துணை எண்களும் அதற்குச் சரியாகவே பொருந்தும். கெட்டுப்போன எழுத்தைவிட, கெடாத பழைய எழுத்து ஆபத்தானது.

எல்டிஓ எழுதும்போதே சரிபார்க்கும். எழுதும் ஹெட்டுக்குப் பின்னால் ஒரு படிக்கும் ஹெட் வந்து, இப்போது எழுதியது ஒழுங்காகப் பதிந்ததா என்று பார்க்கும். பதியவில்லை என்றால் அதே துண்டு சற்றுத் தள்ளி மறுபடி எழுதப்படும். இங்கேயும் அதே சிக்கல் உண்டு. எழுதும் ஹெட் அடைத்துக்கொண்டு ஒன்றுமே எழுதவில்லை என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வரும் ஹெட் பார்ப்பது பழைய துண்டை. அது தெளிவாக இருப்பதால் 'நன்றாகப் பதிந்திருக்கிறது' என்று கருவி முடிவு செய்துவிடலாம்.

அதனால் ஒவ்வொரு சிறு துண்டின் தலைப்பிலும் இரண்டு விவரங்கள் எழுதப்படுகின்றன. ஒன்று வரிசை எண். மற்றொன்று, இது எந்தச் சுற்றில், அதாவது எத்தனையாவது தடவை எழுதத் தொடங்கியபோது, எழுதியது என்ற எண். கரும்பலகையின் மூலையில் ஒரே ஒரு தேதி எழுதினால் போதாது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தேதி இருந்தால்தான் அந்த மாணவி தப்பிப்பாள். முதல் எல்டிஓவின் அமைப்பை விவரித்து 2001ல் வெளியான ஈசிஎம்ஏ-319 என்ற தரநிலையிலேயே இந்தச் சுற்று எண்ணுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். திங்கட்கிழமை 6ஆம் சுற்றில் கொஞ்சம் எழுதினோம். செவ்வாய்க்கிழமை அதன் தொடர்ச்சியாக 7ஆம் சுற்றில் எழுதினோம். அப்படியானால் 6 என்பது பழசா? இல்லை, இரண்டும் நமக்கு வேண்டும். ஆகவே விதி இப்படி: வரிசையாகப் படித்துக்கொண்டே போகும்போது சுற்று எண் அப்படியே இருக்கலாம், கூடலாம், குறையவே கூடாது. 7 வந்த பிறகு நடுவில் 4 தலைகாட்டினால் அது அடியிலிருந்து எட்டிப்பார்க்கும் பழசு. எவ்வளவு எளிமையான விதி! எனக்கு மிகவும் பிடித்தது இது.

பழசைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டால் அந்த இடம் காலியாகிவிடுமே, அதை எப்படி நிரப்புவது? ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 7, 12, 5, 9 என்று நான்கு எண்கள் எழுதி, கடைசியில் அவற்றின் கூட்டுத்தொகை 33ஐயும் எழுதுங்கள். அந்த 33தான் நம் துணை எண். ஆனால் இது ஒரு துண்டுக்கு மட்டும் உரியதல்ல, நான்குக்கும் சேர்த்துப் போட்டது. இப்போது மூன்றாம் கட்டத்தில் 5 பதியாமல், அடியில் இருந்த பழைய 8 தப்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கருவி 7, 12, 8, 9 என்று படிக்கிறது. கூட்டினால் 36. ஏதோ தவறு என்று தெரிகிறது. எந்த எண் தவறு? சொல்ல முடியாது. நான்கில் எதுவாகவும் இருக்கலாம்.

இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் சுற்று எண்ணைச் சேர்த்துப் பாருங்கள். 7, 12, 9 எல்லாம் 7ஆம் சுற்று. 8 மட்டும் 4ஆம் சுற்று. அதைத் தூக்கி எறியுங்கள். மிச்சம் மூன்றின் கூட்டுத்தொகை 28. 33இலிருந்து 28 போனால் 5. தொலைந்த எண் கிடைத்துவிட்டது!

டேப் இதைவிடக் கடினமான கணக்கைச் செய்கிறது. 1960ல் ஐ.எஸ். ரீட், ஜி. சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் வகுத்த முறை அது. அந்த முறையில் 10 துணை எண்கள் இருந்தால், எங்கே என்று தெரியாத 5 பிழைகளைத் திருத்தலாம். எங்கே என்று தெரிந்தால் 10 பிழைகளைத் திருத்தலாம். நேராக இரண்டு மடங்கு! ஆகவே பழைய துண்டைச் சரியான துண்டு என்று நம்பித் திருத்தும் கணக்குக்குள் விடுவதைவிட, வாசலிலேயே நிறுத்தி 'இந்த இடம் காலி' என்று சொல்லி அனுப்புவது மிக நல்லது. பழைய எழுத்தை வடிகட்டுவது வெறும் துப்புரவு வேலை என்று நினைத்துவிடாதீர்கள். தொலைந்ததை மீட்கும் வலிமையே அதனால்தான் கூடுகிறது.

கேசட்டுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. அழிக்கும் ஹெட்டில் அழுக்குப் படிந்தால் புதிய பாட்டுக்கு அடியில் பழைய பாட்டு மெல்லக் கேட்கும். எது வேண்டியது, எது வேண்டாதது என்று நம் காதுதான் பிரித்துக்கொள்ள வேண்டும். அழிக்கும் ஹெட் ஒழுங்காக வேலை செய்தாலோ, பழையது போனது போனதுதான். சாந்தோம் பக்கத்தில் கடற்கரைச் சாலையில் இருக்கும் வானொலி நிலையம் ஒலிபரப்பிய கச்சேரிகளையும் நாடகங்களையும் கேசட்டில் பிடித்து வைத்த குடும்பங்கள் மயிலாப்பூரிலும் ராஜா அண்ணாமலைபுரத்திலும் பல உண்டு. கூடவே கொள்ளுப்பாட்டியின் பேச்சோ, சித்தப்பா குழந்தையாக இருந்தபோது சொன்ன கதையோ பதிவாகியிருக்கலாம்.

உங்கள் வீட்டு அலமாரியில் அப்படிக் கேசட் இருந்தால் பெரியவர்களிடம் எடுத்துக் காட்டுங்கள். அதன் மேல் விளிம்பில், நாடா தெரியும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், இரண்டு ஓரத்திலும் சிறு பிளாஸ்டிக் தடுப்புகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் எந்தக் கருவியும் அந்தக் கேசட்டின் மேல் மறுபடி பதிவு செய்யாது. அதைச் செய்துவிட்டு, உள்ளே இருப்பதைக் கணினிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். தள்ளிப்போட வேண்டாம், இந்த விடுமுறையிலேயே கேளுங்கள்.