கண்ணை மூடிக்கொண்டு ஆடலாம், வாருங்கள்!

அடுக்களையில் முதுகைத் திருப்பிக்கொண்டு ஏதோ வேலையாக நிற்கிறீர்கள். எண்ணெயில் கடுகு வெடிக்கிறது. உடனே கை தானாக உளுத்தம் பருப்புக்குப் போகிறது. குக்கர் எத்தனை விசில் கொடுத்தது என்று காது கணக்கு வைத்திருக்கிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், வந்தது மாமியாரா, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையா என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவீர்கள், இல்லையா?

இந்தக் காதுக் கணக்கை வைத்தே கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? திரையில் படமே கிடையாது, எல்லாம் ஓசைதான். அதைவிட ஆச்சரியம், அவற்றை எழுதுகிறவர்களில் பலருக்குப் பார்வை கிடையாது!

"யாரு ஜெயிச்சா?"

நம் உழவர்கரையில், ரெட்டியார்பாளையம் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறை. சித்தி பிள்ளைகள், மாமா பிள்ளைகள் எல்லாம் வந்து இறங்கியாயிற்று. பெரியவன் கையில் செல்போன். நாலைந்து தலைகள் அதன்மேல் கவிழ்ந்திருக்கின்றன. "அடி, அடி!", "ஐயோ, போச்சுடா!" என்று ஒரே கூச்சல். பார்வை இல்லாத பத்து வயதுப் பிள்ளை ஓரமாக உட்கார்ந்து, "என்னண்ணே ஆச்சு? யாரு ஜெயிச்சா?" என்று கேட்கிறான். ஆட்ட மும்முரத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. நாலாவது தடவைக்குப் பிறகு அவன் கேட்பதையே விட்டுவிடுகிறான்.

பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? "படிப்பு வந்தால் போதும், விளையாட்டு எதுக்கு?" என்று தேற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் தோற்கவும், விட்டுக்கொடுக்கவும், சண்டை போட்டுச் சேரவும் குழந்தை கற்றுக்கொள்வது விளையாட்டில்தானே? நம் பாட்டிமார் காலத்துப் பல்லாங்குழியில் குழியும் முத்தும் விரலுக்கே தெரியும். தாயக்கட்டையைத் தடவியே புள்ளியைச் சொல்லிவிடலாம். ஆட்டம் கண்ணாடித் திரைக்குள் போனபோது இந்தப் பிள்ளை வெளியே நின்றுவிட்டான்.

ஓசையால் ஓர் உலகம்

ஜப்பானில் கென்ஜி ஈனோ என்பவர் 1997-இல் படமே இல்லாமல், குரலும் ஓசையும் மட்டும் கொண்ட 'ரியல் சவுண்ட்' என்ற விளையாட்டைச் செய்தார். தம் விளையாட்டுகளை விரும்பிய பார்வையற்றவர்களை நேரில் சந்தித்ததுதான் அவருக்குத் தூண்டுதல்.

பிரான்சில் லியோன் நகரத்து டொவினோ நிறுவனம் 2015-இல் 'எ பிளைண்ட் லெஜண்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. கதாநாயகன் பார்வை இழந்த ஒரு வீரன். "அப்பா, இந்தப் பக்கம்!" என்று வழி காட்டுபவள் அவனுடைய சின்ன மகள். ஆடுகிறவர் அவள் குரல் வரும் திசையிலேயே நடக்க வேண்டும்.

திசை எப்படித் தெரியும்? இடது பக்கத்து ஓசை இடது காதுக்கு இம்மியளவு முன்னால், சற்று உரக்க வந்து சேரும். நம் மூளை அதை வைத்துத்தான் திசையைக் கணிக்கிறது. ஹெட்போனிலும் அதையே செய்து காட்டினால், எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று தெரிந்துவிடும். ஓசை குறைந்தால் தூரம், கூடினால் அருகில்!

மாவு தயாராக இருந்தால்...

ஒவ்வொரு விளையாட்டுக்கும் இதையெல்லாம் அடியிலிருந்து எழுத முடியுமா? மாவு அரைத்து வைத்திருந்தால் இட்லி, தோசை, ஊத்தப்பம் எது வேண்டுமானாலும் வார்க்கலாம் அல்லவா? அப்படிப் பொதுவாகச் செய்து வைத்த அடிப்படைக்குத்தான் 'எஞ்சின்' என்று பெயர். ஓசையை இயக்குவது, விசைகளைக் கவனிப்பது, புள்ளிக் கணக்கு எல்லாம் அதில் தயாராக இருக்கும்.

ஆனால் பிரபலமான எஞ்சின்களில் பெரும்பாலானவை திரையில் படத்தைப் பார்த்து, மவுஸால் இழுத்து வைக்கிற முறையில் அமைந்தவை. பார்வை இல்லாதவர் என்ன செய்வார்? ஸ்வீடன் நாட்டின் பிலிப் பென்னஃபால், தாமே பார்வை இல்லாதவர், இதற்கு வழி கண்டார். அவர் உருவாக்கிய 'பி.ஜி.டி.' எஞ்சினில் எல்லாமே எழுத்துதான். எழுதியதைக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டும், கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். பின்னாளில் அதன் வளர்ச்சி நின்றுபோனது. ஆனாலும் அதே வழியில், யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய 'என்.வி.ஜி.டி.' 2024-இல் திறந்து விடப்பட்டது.

வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் காசு வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' இலவசம். அது தமிழையும் வாசிக்கும்.

நம் நாட்டுப் பிள்ளை

"அதெல்லாம் வெளிநாட்டுக் கதைம்மா" என்கிறீர்களா? புனேயில் பிறந்த டி.வி. ராமன், கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயால் 14 வயதில் பார்வையை முழுக்க இழந்தார். பாடப் புத்தகங்களை அண்ணன் தம்பி உறவும், ஆசிரியர்களும் வாசித்துக் காட்டினார்கள். பிரெய்ல் குறியிட்ட ரூபிக் கனசதுரத்தை விரலாலேயே சேர்த்தார். அதைத் தீர்க்க ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமும் எழுதினார். மும்பை ஐ.ஐ.டி.யில் படித்து, கணிதச் சமன்பாடுகளைக் காதால் கேட்கும் முறைக்காக 1994-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். மறு வருஷமே, புரோகிராம் எழுதுகிறவருக்குப் பேசியே உதவும் 'ஈமாக்ஸ்பீக்'கை வெளியிட்டார். விரலில் சுழன்ற விளையாட்டும் அந்த அறிவுக்கு உரம்தானே?

தாய்மார்கள் கவனிக்க

* ஹெட்போனை இரண்டு காதிலும், இடம் வலம் மாறாமல் மாட்டுங்கள். இல்லாவிட்டால் திசை தெரியாது.

* இந்தப் பிள்ளைக்குக் காதுதான் கண். ஓசை, முழு அளவில் 60 சதவீதத்துக்குமேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நடுநடுவே காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

* தெருவில் நடக்கும்போது ஹெட்போன் கூடவே கூடாது. வண்டிச் சத்தம் கேட்க வேண்டுமே!

* ஆட்டத்தில் ஆர்வம் வந்துவிட்டால் தட்டச்சு கற்றுக்கொடுங்கள். நாளைக்கு அவனே நம் தாயத்தைத் தமிழ்க் குரலில் எழுதலாம்.

முதல் ஆட்டத்தை அவனைத் தனியே ஆட விடாதீர்கள். அண்ணன்மார்களையும் கூப்பிடுங்கள், எல்லார் கண்ணையும் துண்டால் கட்டிவிடுங்கள். அவர்கள் சுவரில் முட்டித் தடுமாறும்போது, ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன், "அண்ணே, இடது பக்கம் திரும்பு, நான் சொல்றேன்!" என்பான்.

அந்தக் குரலை அடுக்களையிலிருந்தே நீங்களும் கேளுங்கள்!