லாரியில் ஏறிய வள்ளங்கள்

2018 ஆகஸ்ட் 15 இரவிலும் அடுத்த நாளும் திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே போகும் சாலைகளில் லாரி லாரியாக மீன்பிடி வள்ளங்கள் போயின. விழிஞம், பூந்துறை, வலியதுறை, மரியநாடு, அஞ்சுதெங்கு என்று கடற்கரை நெடுக ஆட்கள் கூடி, கையாலேயே வள்ளங்களை லாரியில் ஏற்றினார்கள். எஞ்சின், எண்ணெய் கேன், கயிறு, துடுப்பு எல்லாம் கூடவே ஏறின. போன இடம் சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருந்த செங்கன்னூர். அதைச் சுற்றிய பாண்டநாடு, ஆரன்முளை, திருவல்லா. அங்கே பம்பையும் அச்சன்கோவிலாறும் கரையை விழுங்கி வீடுகளுக்குள் புகுந்திருந்தன. சாலை எங்கே நீருக்குள் இறங்கியதோ, அங்கே வள்ளத்தை இறக்கி எஞ்சினைப் பூட்டினார்கள்.

அந்த வெள்ளத்தில் கேரளம் முழுவதும் 669 படகுகளுடன் 4,537 மீனவர்கள் இறங்கினார்கள் என்றும், குறைந்தது 65,000 பேரைக் காப்பாற்றினார்கள் என்றும் மாநில அரசு கணக்குச் சொன்னது. முதலமைச்சர் பினராயி விஜயன் அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்றார். அவர்களுடைய மனத்துணிவைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அவர்கள் கொண்டுபோன வாகனத்தைப் பற்றிப் பேசியது குறைவு. ஆபத்துக் காலத்தில் தப்பிக்க எந்த வண்டி நல்லது என்று யோசிக்கும் குடும்பம் ஒவ்வொன்றும், காரின் விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் இந்த வள்ளத்தைப் பார்க்க வேண்டும்.

திருவனந்தபுரம் கடற்கரையில் பெரும்பாலான ஊர்களுக்குத் துறைமுகம் கிடையாது. அலை உடைந்து சிதறும் மணலிலிருந்தே கடலுக்குள் தள்ளி, திரும்பி வரும்போது அதே மணலில் ஓட்டி ஏற்ற வேண்டும். ஒரு காலத்தில் இந்த வேலையைக் கட்டுமரம் செய்தது. மரம் கிடைப்பது அரிதாகி, எஞ்சினும் வந்தபின் வேறு கலம் தேவைப்பட்டது. பெல்ஜியத்திலிருந்து வந்த பியேர் ஜில்லெ, கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் மீனவர்களோடு சேர்ந்து, கடல் ஒட்டுப்பலகையில் கரையேறும் படகுகளை உருவாக்கினார். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அத்தகைய படகுகளைக் கடற்கரை எங்கும் பரப்பியது. இன்று ஓடுபவை ஒட்டுப்பலகைக்கு மேல் கண்ணாடியிழை பூசியவை, அல்லது முழுக்கக் கண்ணாடியிழையில் வார்த்தவை. 25 அடி, 30 அடி நீளம். ஐந்தாறு அடி அகலம்.

மணலில் மோதி ஏறப் பிறந்த கலம் என்பதால் அதன் அடிப்பகுதி அதிகம் கூர்மையாக இராது, கெட்டியாக இருக்கும். முழங்கால் அளவு நீர் இருந்தாலே மிதந்துவிடும். மதில் சுவரில் உரசலாம், வாழைத்தோப்பின் மேல் போகலாம், மூழ்கிக் கிடக்கும் கேட்டின் கம்பி இடிக்கலாம். கீறல் விழுந்தால் பிசினும் இழைத்துணியும் வைத்து ஒட்டிக்கொள்ளலாம். சுமை விஷயம் இன்னும் முக்கியம். நீரைத் தொடும் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் 100 கிலோவைத் தாங்கும். 60 கிலோ எடையுள்ள 15 பேர் ஏறினால் 900 கிலோ. வள்ளம் ஒன்பது சென்டிமீட்டர்தான் இறங்கும். வலையும் மீனும் சுமக்கக் கட்டியதற்கு இது பெரிய பாரமே இல்லை.

பின்னால் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரைச் சாய்த்துத் தூக்கிவிடலாம். ஆழம் குறைந்தால் புரொப்பெல்லர் மேலே வந்துவிடும், துடுப்பாலோ கழியாலோ தள்ளிக்கொண்டு போகலாம். 9.9 குதிரைத்திறன் எஞ்சினின் கனம் ஒருவர் தோளில் வைத்துத் தூக்கக்கூடியது. கெட்டால் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் வள்ளத்திலேயே இருப்பார். கடலில் நடுவழியில் எஞ்சின் நின்றால் அவர்தானே சரிசெய்து வீடு வந்தாக வேண்டும்.

இதே மிதப்பு விதிதான் காரைக் கொல்கிறது. நான்கு மீட்டர் நீளமும் 1.7 மீட்டர் அகலமும் உள்ள சின்னக் காரின் அடிப்பரப்பு ஏறத்தாழ ஏழு சதுர மீட்டர். கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே கசிந்து நிறையும் வரை அது ஒரு மூடிய பெட்டி. தளத்துக்கு மேல் 15 சென்டிமீட்டர் நீர் ஏறினால் ஏறக்குறைய ஒரு டன் எடையை அது தூக்கப் பார்க்கும். காரின் எடையே அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016-இல் உண்மையான கார்களையே நீரில் நிறுத்திச் சோதித்தார்கள். ஒரு டன் எடையுள்ள சிறிய கார், நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும் 15 சென்டிமீட்டர் நீரிலேயே நகர்ந்தது. 60 சென்டிமீட்டரில் மிதந்துபோனது. இரண்டரை டன் எடையுள்ள நான்கு சக்கர இயக்க வண்டி 45 சென்டிமீட்டரில் நிலை தடுமாறியது, 95 சென்டிமீட்டரில் முழுதாக மிதந்தது. உயரமான வண்டி வாங்கிவிட்டால் வெள்ளத்தில் போகலாம் என்று விளம்பரம் பார்த்து நம்புகிறவர்கள் இந்த எண்களை மனத்தில் வைக்க வேண்டும். மிதந்த காருக்கு ஸ்டீயரிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லாதவைதான்.

எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயில் தண்ணீர் புகுந்தால் கதை அதோடு முடிந்தது. காற்று நசுங்கும், நீர் நசுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது நீர் வழிவிடாததால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். நின்றுபோன காரைத் திரும்பத் திரும்பச் சாவி போட்டு எழுப்பப் பார்ப்பது இந்தச் சேதத்தை நாமே வரவழைப்பது. உள்ளே மாட்டிக்கொண்டால் கதவோடு போராடாமல், முதல் நிமிடத்திலேயே பக்கவாட்டுக் கண்ணாடியை இறக்கியோ உடைத்தோ வெளியேறுங்கள். முன் கண்ணாடி இரு அடுக்காக ஒட்டப்பட்டது, எளிதில் உடையாது.

பெரிய வண்டிக்கும் எல்லை உண்டு. 2021 அக்டோபர் 16 அன்று கோட்டயம் மாவட்டம் பூஞ்சாரில் தேவாலயத்துக்கு முன்னால் தேங்கிய வெள்ளத்தில் அரசுப் பேருந்து ஒன்று பாதிக்கு மேல் மூழ்கியது. பயணிகளை ஊர்க்காரர்கள் வெளியே எடுத்தார்கள். இடுப்பளவு தேங்கிய, ஓட்டமில்லாத நீரில் டிப்பர் லாரிகளும் டிராக்டர்களும் நல்ல வேலை செய்கின்றன. 2018-இல் பலர் அவற்றில்தான் முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். ஓடும் நீரில் அவற்றை நம்பக் கூடாது.

காற்றடைத்த ரப்பர் படகு மடித்துக் கொண்டுபோக வசதியானது. ஆனால் ஊருக்குள் புகுந்த வெள்ளத்தின் அடியில் முள்வேலியும் கூரைத் தகரமும் இருக்கின்றன. ஹெலிகாப்டரால் முடிவது வேறு எதனாலும் முடியாது. 2018-இல் ஆலுவாவில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரைக் கடற்படை கயிற்றில் தூக்கிக் காப்பாற்றியது, அன்றே குழந்தையும் பிறந்தது. என்றாலும் தென்னை அடர்ந்த ஊரில் ஒவ்வொருவராகத்தான் தூக்க முடியும். பத்தாயிரம் பேர் மொட்டைமாடியில் நிற்கும்போது அந்தக் கணக்கு போதாது.

வள்ளம் எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்ல வரவில்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டு முண்டக்கை, சூரல்மலையில் மலை சரிந்து பாறைகளோடு ஆறு இறங்கியபோது அங்கே படகுக்கு வேலையே இல்லை. மண் அள்ளும் இயந்திரங்களும், ராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவினர் இரும்புத் துண்டுகளைப் பூட்டிக் கட்டிய 190 அடி பெய்லி பாலமுமே கைகொடுத்தன. வள்ளத்துக்கும் லாரி வேண்டும், நீர்வரை போகச் சாலை வேண்டும், தூக்கி இறக்க ஆள் வேண்டும். பாசியும் கயிறும் புரொப்பெல்லரில் சுற்றும். தாழத் தொங்கும் மின்கம்பி கழுத்தளவில் வரும். இவற்றையெல்லாம் சமாளிக்கக் கலத்தைவிட அதை ஓட்டுகிறவர் முக்கியம். நீரின் சுழிப்பைப் பார்த்து அடியில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதும், ஓட்டத்துக்குக் குறுக்கே போகாமல் சாய்ந்து போவதும், பயந்தவர்கள் ஒரே பக்கம் பாய்ந்து ஏறாதபடி பார்த்துக்கொள்வதும் தினமும் அலையைக் கடப்பவருக்குப் பழக்கம். ஒரு வாரப் பயிற்சியில் இது வராது.

இந்த மனிதர்களுக்கு ஊர் என்ன செய்தது என்றும் கேட்க வேண்டும். வெள்ளத்துக்கு ஒன்பது மாதம் முன்னால், 2017 நவம்பர் கடைசியில், ஒக்கிப் புயல் பூந்துறை, விழிஞம், தூத்தூர்ப் பகுதி மீனவர்களில் பலரைக் கொண்டுபோனது. உரிய நேரத்தில் எச்சரிக்கை வரவில்லை என்ற துயரம் அந்தக் கரைகளில் இன்னும் ஆறவில்லை. அந்தத் துக்கத்தோடுதான் அவர்கள் மற்றவர் வீட்டு மாடிகளுக்கு வள்ளம் கொண்டுபோனார்கள். படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக அரசு அறிவித்தபோது, பணம் வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். சேதமான வள்ளத்தோடு திரும்பியவர்கள் பலர். முதலப்பொழி முகத்துவாரத்தில் இன்றும் படகுகள் கவிழ்ந்து மீனவர்கள் சாகிறார்கள். கடலரிப்பில் வீடிழந்த குடும்பங்கள் வலியதுறைக் கிடங்குகளில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தன.

2023 அக்டோபரில் தெற்றியாறும் ஆமையிழஞ்சான் ஓடையும் பொங்கி, திருவனந்தபுரம் நகரத்துக்குள்ளேயே வெள்ளம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தாமிரபரணிக் கரை ஊர்களுக்கும் மீனவர் படகுகள் வந்தன. ஆகவே கடலோர மாவட்ட நிர்வாகங்கள் மழைக்காலத்துக்கு முன்பே வள்ளம், லாரி, ஓட்டுநர், எரிபொருள் நான்கையும் ஒரே பட்டியலில் வைக்க வேண்டும். மீட்பில் உடையும் வள்ளத்துக்குக் காப்பீடும், ஏறும் ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டையும் அரசின் பொறுப்பாக வேண்டும். நம் வீட்டுக் கார், நீர் ஏறுவதற்கு முந்தைய நாள் மேட்டுப்பகுதிக்குப் போவதற்கு மட்டுமே நல்ல வண்டி. அதற்குள் கிளம்புங்கள். முடியாமல் போனால் சாலையில் இறங்காமல் மாடிக்கு ஏறி, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077-இல் கூப்பிட்டு, எத்தனை பேர், யார் நடக்க முடியாதவர், வீட்டுக்கு அருகே அடையாளம் என்ன என்பதைச் சொல்லுங்கள்.