பழைய சைக்கிளுக்குப் புதிய ஃபோர்க்

தமிழகத்தை விட்டு வெளியே வந்து தில்லியிலும் புனேயிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவருள், விடியற்காலையில் சைக்கிளேறி இருபது முப்பது கிலோமீட்டர் சென்று வருவோர் சிலர் உண்டு. அவர்களிற் சிலரிடம் பல்லாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட எஃகுச் சட்டமுடைய பந்தய ரக வண்டி இருக்கும். நல்ல வண்டி; விற்க மனம் வராது. ஆயினும் புதிய வண்டிகளில் காணும் கார்பன் ஃபோர்க்கை இதற்கும் பொருத்தினால் எடை குறையுமே, சாலை அதிர்ச்சி கையில் தாக்காதே என்ற ஆசை எழுகிறது. அந்த ஆசை நிறைவேறக் கூடியதா, நிறைவேற்றத் தக்கதா என்பதை ஆராய்வோம்.

முதலில் பெயர். முன் சக்கரத்தை இரு புறமும் கவ்விப் பிடிக்கும் இவ்வுறுப்பை நாம் ‘கவை’ என்று எழுதலாம். ஏட்டில் அது அழகாகவே இருக்கும். ஆனால் கவை வேண்டுமென்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் எடுத்துத் தரமாட்டார். வடநாட்டு மிஸ்திரிகள் இதனைச் ‘சிம்டா’ என்பர். நாம் ஃபோர்க் என்றே வழங்குவோம்.

பழைய எஃகு ஃபோர்க் ஒன்று ஏறத்தாழ 700 முதல் 800 கிராம் இருக்கும். மெல்லிய கரி இழைகளைப் பிசினில் தோய்த்து அச்சில் இறுக்கிச் செய்யும் கார்பன் ஃபோர்க் 350 முதல் 550 கிராமில் அடங்கிவிடும். முந்நூறு, முந்நூற்றைம்பது கிராம் இலாபம். ஆனால் வண்டி 11 கிலோவும் ஏறுபவர் 70 கிலோவும் இருந்தால், மொத்தத்தில் இது அரைச் சதவீதத்துக்கும் குறைவு. நாம் தண்ணீர் நிரப்பி மாட்டிக்கொண்டு செல்லும் குப்பி இதைப்போல் இரு மடங்கு எடையுள்ளது!

இனி, பொருந்துமா என்ற கேள்வி. இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். ஃபோர்க்கின் மேற்பகுதி ஒரு குழாய்த் தண்டாக நீண்டு, சட்டத்தின் முன்னுள்ள தலைக்குழாய்க்குள் நுழைகிறது. பழைய வண்டிகளில் அத்தண்டின் விட்டம் 1 அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். தண்டின் உச்சியில் மரை வெட்டியிருக்கும்; அதன்மேல் கப்பும் நட்டும் திருகி இறுக்கப்படும். ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம், தண்டின் உள்ளே இறங்கி ஆப்பைப் போல் விரிந்து பிடித்துக்கொள்ளும். 1990-களின் தொடக்கத்தில் மரையற்ற முறை பரவிற்று. தண்டு 1⅛ அங்குலமாக, அதாவது 28.6 மில்லிமீட்டராகப் பருத்தது. ஸ்டெம் அதை வெளியிலிருந்து கவ்வத் தொடங்கிற்று. இன்று விற்கும் கார்பன் ஃபோர்க்குகளிற் பல அடியில் இன்னும் பருத்து 1½ அங்குலமாக விரிகின்றன. அவை பெரும்பாலும் டிஸ்க் பிரேக்குக்கென்றே செய்யப்படுபவை. இவை எதுவும் பழைய தலைக்குழாய்க்குள் நுழையா. சட்டத்தைக் கடைந்து துளையைப் பெரிதாக்குவோம் என்று எவரேனும் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவதே நலம்.

ஒரு சில உற்பத்தியாளர் இன்றும் 1 அங்குலத் தண்டுடன் கார்பன் ஃபோர்க் செய்கின்றனர். அது கிடைத்தாலும் செலவு அத்துடன் நிற்பதில்லை. மரையற்றதாயின் ஹெட்செட் முழுவதையும் மாற்ற வேண்டும். ஃபோர்க்கின் தோளில் ஏறும் கீழ் வளையத்தின் இருக்கை சில வண்டிகளில் 26.4, சிலவற்றில் 27.0 மில்லிமீட்டர், அளக்காமல் வாங்கினால் ஏறாது, அல்லது ஆடும். பழைய ஸ்டெம்மை கார்பன் தண்டுக்குள் இறக்கி விரித்தால் தண்டே வெடிக்கும். ஆகவே புதிய ஸ்டெம், அதற்கு ஏற்ற ஹேண்டில் என்று ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும்.

அடுத்தது உயரமும் வளைவும். சக்கர அச்சிலிருந்து ஃபோர்க்கின் தோள் வரையுள்ள உயரம் பந்தயக் கார்பன் ஃபோர்க்கில் 370 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். நெடும்பயணத்துக்கென்று செய்த பழைய வண்டியில் இது அதிகம். ஃபோர்க் 10 மில்லிமீட்டர் குறைந்தால் வண்டியின் முன்புறம் தாழ்ந்து, தலைக்குழாய் அரைப் பாகை நிமிரும். பெடலும் தரைக்குச் சற்று நெருங்கும். ஃபோர்க்கின் நுனி முன்னோக்கி வளைந்திருக்கும் அளவும் முக்கியம். ஹேண்டிலின் சுழல் அச்சைத் தரை வரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே அது விழும். இந்த இடைவெளியே வண்டியை நேராகச் செல்ல வைக்கிறது. தலைக்குழாய் 72 பாகை சாய்ந்து, சக்கரத்தின் ஆரம் 340 மில்லிமீட்டராயிருக்கும் வண்டியில், வளைவு 55 ஆயின் இடைவெளி 53 மில்லிமீட்டர். வளைவு 45 ஆனால் 63. தலைக்குழாய் நிமிர்வதால் இதில் ஓரளவு குறையும். வண்டி ஓடாமற் போகாது. பழகிய கைக்கு மட்டும் வேறொருவர் வண்டியைப் போல் தோன்றும். திருப்பத்தில் காற்பெருவிரல் முன்சக்கரத்தில் இடிக்கவும் கூடும்.

பிரேக்கைப் பற்றியும் ஒரு சொல். பழைய பிரேக்கின் போல்ட் ஃபோர்க்கின் தோளை ஊடுருவிப் பின்னால் நட்டில் முடியும். கார்பன் ஃபோர்க்கிலோ நட்டு உட்குழிந்து அமரும், போல்ட் வேறு. பழைய போல்ட்டுக்காகத் துளையைப் பெரிதாக்கக் கூடாது. 27 அங்குலச் சக்கரமுள்ள வண்டியாயின், கார்பன் ஃபோர்க்குகள் 700சி சக்கரத்துக்கென்று அமைந்தவை என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டின் ரிம்முக்கும் ஆரத்தில் 4 மில்லிமீட்டர் வேறுபாடு. பந்தய ஃபோர்க்குகள் பலவற்றில் மட்கார்டு மாட்டத் துளையும் இல்லை, தடித்த டயருக்கு இடமும் இல்லை. மும்பை மழையில் மட்கார்டின்றி அலுவலகம் சென்றவர் இதன் பொருளை அறிவர்.

பொருத்தும் வேலையைத் தேர்ந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். தண்டை அறுக்கும்போது பறக்கும் கரித்தூள் நுரையீரலுக்குத் தீங்கு. நீர் தெளித்து, முகமூடி அணிந்து, நுண்பல் வாளால் அறுக்க வேண்டும். கார்பன் தண்டினுள் எஃகு நட்சத்திர நட்டை அடித்து இறக்கலாகாது. விரியும் அடைப்பானே உரியது. ஸ்டெம் போல்ட்டின் முறுக்கம் ஃபோர்க்கிலோ ஸ்டெம்மிலோ அச்சிட்ட அளவைத் தாண்டக் கூடாது. பெரும்பாலும் அது 5 நியூட்டன் மீட்டர். அதாவது 10 சென்டிமீட்டர் நீளச் சாவியின் நுனியில் 5 கிலோ எடை தொங்கினால் உண்டாகும் முறுக்கம். நம் மிஸ்திரிகளின் தோள்வலி இதனைக் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். அளவு காட்டும் சாவி இல்லாத கடையில் இவ்வேலையைக் கொடாதிருப்பது நன்று.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? எஃகு பெரும்பாலும் வளைந்து, தன் துன்பத்தைக் கண்ணுக்குக் காட்டிய பின்னரே முறியும். கார்பனோ உள்ளே பிளவுற்றாலும் மேற்பூச்சு பளபளப்பாகவே இருக்கும். முறியும்போது ஒரு நொடியில் முறியும். முன் ஃபோர்க் முறிந்தால் ஏறியவர் முகம் குப்புற விழுவார். ஆகவே விழுந்தெழுந்த வண்டியின் கார்பன் ஃபோர்க்கைக் கழற்றிச் சோதிக்காமல் ஓட்டலாகாது. முன்வரலாறு தெரியாத பழைய கார்பன் ஃபோர்க்கை, விலை மலிவென்று எவர் கூறினும், நாம் வாங்கமாட்டோம்.

எங்கள் கருத்து இது: வண்டியின் தண்டு ஏற்கெனவே 1⅛ அங்குல மரையற்ற வகையாயிருந்து, உயரமும் வளைவும் ஒத்துவந்தால் கார்பன் ஃபோர்க் நல்ல மாற்றம், தாராளமாகச் செய்யலாம். 1 அங்குல மரைத் தண்டாயின், பழைய ஃபோர்க் கோணியிருந்தாலன்றி அதைத் தொட வேண்டியதில்லை; கோணியிருந்தாலும் அதே அளவில் நல்ல எஃகு ஃபோர்க்கே வாங்கலாம். கை அதிர்ச்சிதான் தொல்லை என்போர், சட்டம் இடங்கொடுக்குமாயின், 23 மில்லிமீட்டர் டயரைக் கழற்றி 28 மில்லிமீட்டர் டயர் மாட்டிக் காற்றைச் சற்றுக் குறைத்துப் பார்க்கட்டும். கார்பன் தருவதினும் மிகுந்த சுகம் அதில் கிடைக்கும்; செலவும் சொற்பம்.

மாற்றியே தீர்வது என்று முடிவு செய்தோர் கழற்றிய பழைய ஃபோர்க்கை இரும்புக்கடைக்குப் போட்டுவிட வேண்டாம். மரையில் கிரீஸ் தடவி, கப்பு, கோன், பால்ரஸ் ஆகியவற்றுடன் துணியில் சுற்றிப் பரணில் வைத்துக்கொள்ளட்டும். புதியது கைக்குப் பிடிக்காமற் போனால், அரை மணி நேரத்தில் வண்டி பழையபடி ஆகிவிடும்.