புல்வெட்டி எஞ்சினும் அதன் காவலனும்

ஓசூர்ப் பகுதித் தொழிற்கூடங்களின் முகப்பில் புல்தரையைச் சமன்செய்யும் பெட்ரோல் புல்வெட்டியை நம்மில் பலர் கண்டிருப்போம். அதன் கைப்பிடியிலுள்ள நெம்புகோலைக் காட்டிக் கேட்டால், "மொபெட் ஆக்சிலேட்டர் போலத்தானே!" என்பார்கள் நண்பர்கள். இயற்பியல் மாணவன் என்ற முறையில் அதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50 மொபெட்டையே எடுத்துக்கொள்வோம். கைப்பிடியைத் திருகினால் கம்பி இழுபட்டுக் கார்புரேட்டரின் வாயில் திறக்கிறது. மேடு வந்தால் நாமே மேலும் திருகுகிறோம்; இறக்கத்தில் தளர்த்துகிறோம். வேகத்தைக் காப்பவை ஓட்டுபவரின் கண்ணும் கையுமே. புல்வெட்டிக்கோ அடர்ந்த புல்லும் வெறுந்தரையும் நொடிக்கு நொடி மாறி வரும். கை அதற்கு ஈடுகொடுக்காது. ஆகவே அங்கே கவர்னர் என்னும் காவலன் தேவைப்படுகிறான். 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் பொருத்திய சுழல்குண்டுகளின் வழிவந்தவன் இவன்.

சிறு எஞ்சின்களில் இவன் இரு வடிவில் வருகிறான். ஒன்றில், ஃபிளைவீல் விசிறியின் காற்று ஒரு மெல்லிய தகட்டைத் தள்ளி வாயிலை மூட முயல்கிறது. ஒரு சுருள்வில் திறக்க முயல்கிறது. புல் அடர்ந்து வேகம் குறைந்தால் காற்று தளரும், வில் வெல்லும், வாயில் திறக்கும், எஞ்சின் மீளும். மற்றதில், கிராங்க் பெட்டிக்குள் சுழலும் எடைகளின் மையவிலக்கு விசை அக்காற்றின் வேலையைச் செய்கிறது. முன்னது மலிவு, ஆனால் காற்று வரும் வழியில் புல்தூள் அடைத்தால் தகடு ஏமாந்துபோய் வேகம் வரம்பு மீறும். என் வாக்கு பின்னதற்கே.

நெம்புகோல் வாயிலை நேரே ஆட்டுவதில்லை. வில்லின் இழுவிசையை மாற்றி, "இந்த வேகத்தைக் காத்து நில்" என்று காவலனுக்கு ஆணையிடுகிறது, அவ்வளவே.

"எஞ்சினுக்கு வலு போதவில்லை" என்று வில்லை இறுக்கிவிடுவோர் உண்டு. இது விளையாட்டல்ல. 53 செ.மீ. நீளக் கத்தி நிமிடத்துக்கு 3000 சுற்று சுழன்றால் அதன் நுனி மணிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் பாய்கிறது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால், கத்தியைப் பிய்க்கும் விசை 44 விழுக்காடு கூடும். அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததல்லவா? கனெக்டிங் ராடின் கதியும் இதேதான். தெறிக்கும் கல்லுக்கு, வெட்டுபவர் கால் என்றும் வழிப்போக்கர் கண் என்றும் பேதம் தெரியாது.

சுமையில்லாதபோது எஞ்சின் "உம்... உம்ம்..." என்று ஏறி இறங்குகிறதா? மேக்ஸ்வெல் 1868இல் கவர்னர்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இத்தகைய ஊசலாட்டத்தைத்தான் கணிதத்தால் ஆராய்ந்தார். நமக்கு அவ்வளவு கணிதம் வேண்டாம். பெரும்பாலும் கார்புரேட்டர் ஜெட்டில் அடைப்பு இருக்கும். அல்லது இணைப்புக் கம்பிகள் தளர்ந்திருக்கும். அவற்றைப் பார்த்த பிறகே வில்லின் மேல் ஐயம் கொள்ளலாம். எதைத் தொடுமுன்னும் ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றிவிடுங்கள். கத்தியைக் கையால் திருப்பினாலே எஞ்சின் உயிர்பெற்றுவிடக்கூடும்.