தொப்பூர் ஏற்றத்தில் கூடவே ஏறும் ‘கீ’

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும் கார்கள் தொப்பூர் கணவாயில் கியரைக் குறைத்து ஏறும். அந்த இடத்தில் சில கார்களுக்குள் பாட்டோடு சேர்ந்து இன்னொரு ஓசையும் ஏறத் தொடங்கும். காதருகே கொசு வந்தது போன்ற மெல்லிய ‘கீ’. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதன் சுருதி கூடும். காலை எடுத்தால் இறங்கும். வால்யூமைக் குறைத்தால் பாட்டு அடங்கும், அது மட்டும் அடங்காது. புதிதாக ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் மாட்டிய கார்களில்தான் இந்தத் தொந்தரவு அதிகம்.

அப்படி மாட்டியவர்களில் பலருக்கு இன்னொரு குறையும் உண்டு. பன்னிரண்டு அங்குல வூஃபர் போட்டும் நெஞ்சில் வந்து மோதும் அந்த ‘தும்’ கிடைக்கவில்லை. எந்தப் பாட்டைப் போட்டாலும் காலிப் பெட்டியைத் தட்டுவது போல ஒரே ‘டொம் டொம்’. உடனே பழி ஸ்பீக்கர் மேல் விழுகிறது. அதைக் கழற்றிவிட்டு இன்னும் விலை கூடியதை வாங்கி மாட்டுகிறார்கள். ஓசை அப்படியே இருக்கிறது. ஏனென்றால் முதல் குறையின் வேர் காரின் பாடியில் முடுக்கிய ஒரு போல்ட்டில் இருக்கிறது. இரண்டாவதன் வேர் மரப்பெட்டியில்.

பெட்டியிலிருந்து தொடங்கலாம். அதற்கு முதலில் தாழ்ந்த சுருதியின் இயல்பு தெரிய வேண்டும்.

ஆடி மாதத்தில் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் திருவிழா நடந்தால், இரண்டு கிலோமீட்டர் தள்ளி வாசலில் படுத்திருப்பவருக்குப் பாட்டின் சொற்கள் கேட்காது. ‘தும்… தும்’ மட்டும் வந்து சேரும். உயர்ந்த சுருதிகளைக் காற்றே வழியில் உறிஞ்சிக்கொள்கிறது; மிச்சத்தைப் புளியமரங்களும் சுவர்களும் தடுத்துவிடுகின்றன. தாழ்ந்த சுருதியின் அலை மிக நீளமானது. நொடிக்கு 40 முறை அதிரும் ஓர் ஒலியின் அலை ஏறக்குறைய எட்டரை மீட்டர். ஒரு மரமோ வீட்டுச் சுவரோ அதற்குப் பெரிய தடையில்லை.

எட்டரை மீட்டர் அலை நான்கு மீட்டர்கூட நீளமில்லாத காருக்குள் எப்படி அடங்கும் என்று கேட்கலாம். அடங்குவதில்லை. அங்கே அலை ஓடுவதற்கு இடமே கிடையாது. வூஃபரின் கூம்பு முன்னே தள்ளும்போது காருக்குள் இருக்கும் காற்று முழுவதும் ஒரே சமயத்தில் அழுந்துகிறது. பின்னே போகும்போது முழுவதும் தளர்கிறது. இதனால் ஒரு நன்மை உண்டு. ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே, சுருதி பாதியாகக் குறையக் குறைய, கார் தானாகவே ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது. கண்ணாடி ஏற்றிய கார் ஆக்டேவுக்கு 12 டெசிபல் வரை தர முயலும். தகடும் கதவும் அதிர்வதில் கொஞ்சம் போய்விட்டாலும் மீதி காதுக்கு வந்துவிடும். வரவேற்பறையில் வைத்துக் கேட்ட பெட்டி காருக்குள் வேறு மாதிரி ஒலிப்பது இதனால்தான்.

பெட்டியே இல்லாமல் வூஃபரை வெறுமனே வைத்தால் என்ன ஆகும்? கூம்பு முன்னால் காற்றை அழுத்தும் அதே நொடியில் பின்னால் காற்றைத் தளர்த்துகிறது. முன்பக்கக் காற்று ஓரத்தைச் சுற்றிப் பின்பக்கம் ஓடி இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இந்தப் பின்பக்க ஒலியை என்ன செய்வது என்பதற்கு இரண்டு விடைகள் உண்டு.

முதல் விடை, அதை மூடிச் சிறை வைப்பது. அமெரிக்காவின் எட்கர் வில்சர் 1954ல் இதை வெற்றிகரமான சந்தைப் பொருளாக ஆக்கினார். காற்றுப் புகாத சிறிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கூம்பின் ஸ்பிரிங்காக அவர் பயன்படுத்தினார். கூம்பு எவ்வளவு தூரம் போனாலும் காற்று அதைப் பிடித்து இழுத்து நடுவுக்குக் கொண்டுவரும். அடி விழுந்ததும் நிற்கும், இழுபறி இருக்காது. தவில், மிருதங்கம், பம்பை போன்ற தோல் வாத்தியங்களின் அடியைத் துல்லியமாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு இதுவே பொருத்தம். இந்தப் பெட்டியின் ஒலி, அடிச்சுருதியில் ஆக்டேவுக்கு 12 டெசிபல் வீதம் குறையும். கார் தன் பங்காக மேலே தூக்குவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. எவரும் திட்டமிடாத அழகான பொருத்தம் இது. டிக்கியும் இருக்கைகளும் ஒரே கூடாக இருக்கும் சிறிய ஹாட்ச்பேக் கார்களில், ஏறக்குறைய 28 லிட்டர், அதாவது ஒரு கன அடி கொண்ட மூடிய பெட்டியே பல பன்னிரண்டு அங்குல வூஃபர்களுக்குப் போதும்.

இரண்டாவது விடை, ஒரு வாயை வைத்துப் பின்பக்க ஒலியையும் வேலை வாங்குவது. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1930களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் இந்தத் தத்துவம் தமிழ்நாட்டில் எப்போதிருந்தோ மடியில் உட்கார்ந்திருக்கிறது. மானாமதுரைக் கடத்தை வாசிப்பவரைக் கவனித்தால் தெரியும். பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் அவர் ‘கும்’ ஒலியின் சுருதியை மாற்றுவார். வாய்க்கருகே இருக்கும் காற்று ஒரு எடைக்கல் போலவும், உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங் போலவும் சேர்ந்து ஊசலாடுகின்றன. வாய் சுருங்கினால் சுருதி இறங்கும். பானை சிறுத்தால் சுருதி ஏறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய கணக்கும் இதையே சொல்கிறது. வாய் வைத்த பெட்டியில் அந்த வாய் ஒரு பிவிசி பைப், அல்லது பலகையால் அடித்த நீள்சந்து.

கணக்கு போட்டுப் பார்த்தால் பெட்டியின் அதிகாரம் புரியும். உள்ளளவு 50, 40, 25 சென்டிமீட்டர் என்றால் 50 லிட்டர். அதை 35 ஹெர்ட்ஸில் ஒலிக்க வைக்க, உள்விட்டம் 10 சென்டிமீட்டர் உள்ள பைப் ஏறக்குறைய 31 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். இப்போது டிக்கியில் இடமில்லை என்று பெட்டியை 25 லிட்டராகக் குறைத்து, பைப்பை மட்டும் அப்படியே விட்டால் சுருதி 49 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதன் அருகில் வரும் எல்லா ஒலியும் ஒன்றாக முழங்கும், கீழே இருப்பவை காணாமல் போகும். முதலில் சொன்ன ‘டொம் டொம்’ நோய் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஆளுக்கேற்ற சட்டை தைப்பதுபோல் வூஃபருக்கேற்ற பெட்டி அடிக்க வேண்டியிருக்க, டிக்கிக்கு ஏற்ற பெட்டியை அடித்துவிடுகிறார்கள். 50 லிட்டர் என்பது காற்றுக்கு மட்டும் கிடைக்க வேண்டிய இடம். வூஃபரின் காந்தமும் பைப்பும் சேர்ந்து ஐந்தாறு லிட்டரைப் பிடித்துக்கொள்ளும். அதையும் கூட்டித்தான் பலகை அறுக்க வேண்டும்.

வாய் வைத்த பெட்டி, தன் சுருதியை ஒட்டிய இடத்தில் மூடிய பெட்டியைவிட ஏறக்குறைய 3 டெசிபல் கூடுதலாகத் தரும். ஆம்ப்ளிஃபயரின் சக்தியை இரட்டிப்பாக்குவதற்குச் சமம் அது. பின் இருக்கை குறுக்கே நிற்கும் செடான் கார்களில் இந்தக் கூடுதல் தெம்பு உதவும். விலையும் உண்டு: அந்தச் சுருதிக்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் சரியும், கூம்பைப் பிடித்து நிறுத்த உள்ளே ஸ்பிரிங் இருக்காது. ஆம்ப்ளிஃபயரில், மிகத் தாழ்ந்த சுருதிகளைத் தடுக்கும் சப்சானிக் ஃபில்டரைப் போடாமல் சத்தமாக ஓட்டினால் கூம்பு எல்லை மீறிப் போய்க் கிழியும்.

எந்த வூஃபருக்கு எது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961ல் தொடங்கி, ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் விரித்த ஆய்வின் பலன், நல்ல வூஃபரோடு வரும் தாளில் எண்களாக அச்சாகியிருக்கும். அதில் எஃப்.எஸ். என்ற எண்ணை கியூ.ஈ.எஸ். என்ற எண்ணால் வகுத்தால், விடை 50க்குக் கீழே என்றால் மூடிய பெட்டி, 100ஐ நெருங்கினால் வாய் வைத்த பெட்டி. இது கைக்கணக்குதான்; ஆனாலும் மரம் வாங்கும் முன் ஐந்து நிமிடம் இதற்குச் செலவழிப்பது நல்லது. அந்தத் தாளே இல்லாத வூஃபரை, அட்டைப்பெட்டியில் எத்தனை ஆயிரம் வாட்ஸ் போட்டிருந்தாலும், வாங்காமல் இருப்பதே மேல். மரம் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டோ எம்.டி.எஃப்.போ இருந்தால் போதும். மூலைகளில் காற்று கசியாமல் பசையும் சிலிக்கானும் பூச வேண்டும்.

இனி அந்த ‘கீ’.

ஓட்டுநர்கள் இன்னும் டைனமோ என்றே சொல்லும் ஆல்டர்னேட்டர், உள்ளே மூன்று ஃபேஸ் மாறுமின்சாரத்தைத்தான் உண்டாக்குகிறது. ஆறு டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்குகின்றன. ஆனாலும் அது முழுக்கச் சமமாகாது. மேலே சிற்றலை நிற்கும். பரவலாக இருக்கும் 12 துருவ வகையில் ரோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் 36 சிற்றலைகள். என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஐடிலில் நிற்கிறது, பெல்ட் வழியாக ஆல்டர்னேட்டர் இரண்டரை மடங்கு வேகத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 1,200 சிற்றலை. தொப்பூரில் இரண்டாவது கியரில் 3,000 சுற்றுக்குப் போகும்போது அது 4,500. மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் எல்லைக்குள்ளேயே அந்த ஓசை ஏறுகிறது. சில மில்லிவோல்ட் கசிந்தாலும் கேட்டுவிடும்.

காரும் ஒலிப்பெட்டியும் சேர்ந்த நாள் முதலே இந்தச் சண்டை இருக்கிறது. சிகாகோவின் பால் கால்வின் 1930ல் முதல் ‘மோட்டரோலா’ கார் ரேடியோவைக் கொண்டுவந்தபோது, அவர் குழுவினர் போராடியது ஸ்பார்க் பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் கக்கிய இரைச்சலோடுதான்.

சிற்றலை ஆம்ப்ளிஃபயருக்குள் நுழையும் வழி பெரும்பாலும் எர்த். தருமபுரி மாவட்டத்து ஏரிகளை வைத்து இதைச் சொல்லலாம். இரண்டு ஏரிகளுக்கு நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் இடையில் உள்ள வாய்க்காலில் தண்ணீர் ஓடாது. மட்டம் மாறினால் ஓடும். டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோவுக்கு முன்பக்கம் ஓர் எர்த். டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்பக்கம் ஓர் எர்த். காரின் பாடி முழுவதும் ஒரே இரும்பு, ஆகவே மட்டமும் ஒன்றே என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முடுக்கிய இடத்தில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால்கூட, 40 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் மட்ட வித்தியாசம் வந்துவிடும். ஸ்டீரியோவிலிருந்து வரும் பாட்டின் சிக்னலே பல கார்களில் 2 வோல்ட்தான். இரண்டு எர்த்தையும் இணைக்கும் வாய்க்காலாக இருப்பது, அந்த சிக்னலைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. ஒயரின் வெளிக்கம்பி. வித்தியாசம் அதன் வழியே ஓடுகிறது. ஆம்ப்ளிஃபயர் அதையும் பாட்டு என்று எண்ணிப் பெருக்கிக் கொடுக்கிறது.

கடையில் கொடுக்கும் முதல் மருந்து, சின்ன டப்பி போன்ற கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர். உள்ளே இருப்பது சிறு டிரான்ஸ்ஃபார்மர். மலிவானவை ‘கீ’யோடு சேர்த்து அடிச்சுருதியையும் அரித்துவிடும். சப்வூஃபர் வாங்கியதே அந்த அடிச்சுருதிக்காக. ஆகவே நோய் எங்கே என்று முதலில் பார்ப்பதே முறை.

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு அதன் பக்கமுள்ள ஆர்.சி.ஏ. ஒயரைக் கழற்ற வேண்டும். பிறகு என்ஜினை ஓட்டி ஆம்ப்ளிஃபயரைப் போட்டுக் கேட்க வேண்டும். ‘கீ’ இன்னும் இருந்தால் குறை ஆம்ப்ளிஃபயரின் பவர் ஒயரிலோ எர்த்திலோ இருக்கிறது. நின்றுவிட்டால், சார்ஜரில் போடாத ஒரு செல்போனை ஆம்ப்ளிஃபயரோடு நேராக இணைத்துப் பார்க்கலாம். போனுக்குக் காரில் எர்த் கிடையாது. பாட்டு சுத்தமாக வந்தால் ஸ்டீரியோவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையில்தான் சிக்கல். அடுத்து, வேறொரு ஆர்.சி.ஏ. ஒயரைத் தரைவிரிப்புக்கு அடியில் விடாமல் இருக்கைகளின் மேலேயே போட்டு இணைத்தால், ஒயர் போன பாதை குற்றமா என்பது தெரிந்துவிடும். பேட்டரியிலிருந்து வரும் தடித்த பவர் ஒயர் காரின் ஒரு பக்கமும், ஆர்.சி.ஏ. மறுபக்கமும் போக வேண்டும். எங்காவது குறுக்கிட்டே தீர வேண்டுமென்றால் செங்குத்தாக வெட்டிப் போகட்டும். இணையாகப் படுத்துக்கொண்டு போவதுதான் கெடுதல்.

எல்லாம் சரியாக இருந்தும் ‘கீ’ போகவில்லையென்றால் ஒன்றைச் சந்தேகிக்கலாம். ஆம்ப்ளிஃபயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்.சி.ஏ.யைப் பிடுங்கிச் செருகினால், சில ஸ்டீரியோக்களுக்குள் எர்த் வழியில் இருக்கும் மெல்லிய ஃபியூஸ் எரிந்துவிடும். அன்றிலிருந்து ‘கீ’ குடியேறிவிடும்.

எர்த்துக்கான வைத்தியம் எளிது. டிக்கியில் கனமான பாடித் தகடு உள்ள இடத்தில் பெயின்ட்டை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, லக் வைத்து நட்டு போல்ட்டால் இறுக்க வேண்டும். எர்த் ஒயர் 45 சென்டிமீட்டரைத் தாண்டாமல், பவர் ஒயரின் தடிமனிலேயே இருக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டக் கூடாது. அது உயிரைப் பிடித்து வைக்கும் போல்ட்.

ஒயரின் தடிமனில் சிக்கனம் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தரும் கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர் உச்சத்தில் ஏறக்குறைய 45 ஆம்பியர் இழுக்கும். ஐந்து மீட்டர் நீள 4 கேஜ் செம்பு ஒயரில் 0.2 வோல்ட்டுக்கும் குறைவாகவே விழும். அதைவிட மெல்லிய 8 கேஜில் அரை வோல்ட்டை நெருங்கும். மேலே செம்பு பூசிய அலுமினிய ஒயர் என்றால் இழப்பு இன்னும் ஒன்றரை மடங்கு. ஆம்ப்ளிஃபயரின் உண்மையான சக்தியையும் அட்டையைப் பார்க்காமலே அறியலாம். அதன் பக்கவாட்டில் இரண்டு 30 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால், 13.8 வோல்ட்டில் உள்ளே போவதே 830 வாட்ஸுக்கு மேல் இல்லை. வெளியே 3,000 வாட்ஸ் எங்கிருந்து வரும்?

எல்லாவற்றையும்விட முக்கியமானது பேட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் போட வேண்டிய ஃபியூஸ். ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காக்கும். இது ஒயரையும் காருக்குள் இருப்பவர்களையும் காக்கிறது. என்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் தகட்டு ஓட்டையில் ரப்பர் குரோமெட் இல்லாவிட்டால், மலைப்பாதையின் குலுக்கலில் ஒயரின் தோல் நாளடைவில் அறுபடும். அறுபட்ட ஒயர் பாடியைத் தொட்டால் பேட்டரி ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். அப்போது நடுவில் ஃபியூஸ் இல்லையென்றால் ஒயர் சிவந்து எரிவது தரைவிரிப்புக்கு அடியில், கால்களுக்குப் பக்கத்தில். இந்த ஃபியூஸைப் போடாமல் வண்டியைக் கொடுக்கும் கடையில் வேலையை ஒப்படைக்கவே கூடாது.

வேலை முடிந்ததும் கடை வாசலிலேயே சோதித்துவிடலாம். பாட்டை நிறுத்தி, வால்யூமை வழக்கமாகக் கேட்கும் அளவில் வைத்து, ஹெட்லைட்டையும் ஏ.சி. புளோயரையும் போட்டு, என்ஜினை மெதுவாக 3,000 சுற்று வரை ரேஸ் பண்ண வேண்டும். புளோயரின் காற்றும் என்ஜினின் உறுமலும் கேட்கும். ஸ்பீக்கரில் காதை வைத்தாலும் வேறெதுவும் கேட்கக் கூடாது.