சிறுவர் சொல் அம்பலம் ஏறுமா?

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பர் நம் முன்னோர். சிறுவர் சொல்லோ அதனினுங் கீழாக மதிக்கப்பட்ட காலமும் இருந்தது. அந்நிலையை மாற்றிய வழக்கொன்றின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே, 1964ஆம் ஆண்டு ஜூன் 8ஆந் திகதி, ஜெரால்ட் கோல்ட் என்னும் 15 வயதுச் சிறுவன் பிடிக்கப்பட்டான். அயலிலிருந்த பெண்ணொருத்தியுடன் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்பதே குற்றச்சாட்டு. பெற்றோர் வேலைக்குச் சென்றிருந்தனர். மகன் பிடிபட்டதை அவர்களுக்கு அதிகாரிகள் அறிவித்தாரில்லர். விசாரணையிலே சிறுவனுக்காகப் பேசச் சட்டத்தரணி இல்லை; முறைப்பாடு செய்த பெண்ணும் மன்றுக்கு வரவில்லை; சாட்சியம் எழுதிவைக்கப்படவுமில்லை. ஒரு வாரத்துள், 21 வயது வரை அவனைச் சீர்திருத்தப் பாடசாலையில் வைக்கலாமெனத் தீர்ப்பாயிற்று. அதே குற்றத்தை வளர்ந்தவர் ஒருவர் புரிந்திருப்பின், 5 முதல் 50 டொலர் வரை தண்டம், அன்றேல் இரண்டு மாதத்துக்கு மேற்படாத சிறை, அவ்வளவே!

இவ்வநீதிக்கு வேராய் அமைந்தது கருணையே என்பதுதான் வியப்பு. 1899இல் இலினோய் மாநிலம் சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றை நிறுவியபோது, அவர்களை வளர்ந்த குற்றவாளிகளோடு சேர்த்து அடைத்தலாகாது என்ற நன்னோக்கமே முன்னின்றது. நீதிபதி தந்தையை ஒத்தவர். தந்தைக்கும் மைந்தனுக்கும் நடுவே சட்டத்தரணி எதற்கு என எண்ணினர். ஆயின், கேளாது தீர்ப்பளிப்பவர் தந்தையேயாயினும் தவறிழைத்தல் கூடுமன்றோ?

ஜெரால்டின் பெற்றோர் ஓய்ந்தாரில்லர். வழக்கு அந்நாட்டின் உயர் நீதிமன்றை அடைந்தது. 1967 மே 15ஆந் திகதி, நீதியரசர் ஏப் ஃபோர்ட்டஸ் எழுதிய தீர்ப்பு, அரசியலமைப்பின் பாதுகாப்பு வளர்ந்தோர்க்கு மட்டும் உரியதன்று என நிலைநாட்டியது. குற்றச்சாட்டை முன்கூட்டியே எழுத்தில் அறிதல், சட்டத்தரணியின் துணை பெறுதல், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தல், தனக்கெதிராகத் தானே சான்று பகராதிருத்தல் ஆகிய நான்கு உரிமைகளும் சிறுவர்க்குக் கிட்டின.

பாடசாலையும் இதற்கு விலக்காகவில்லை. மாணவரைப் பத்து நாள் வரை விசாரணையின்றி இடைநிறுத்த ஒகாயோ மாநிலச் சட்டம் இடமளித்திருந்தது. 1975இல் அதே நீதிமன்றம், குற்றம் யாதென மாணவனுக்கு உரைத்து, அவன் மறுப்பின் சான்றை விளக்கி, அவன் கூற்றையும் கேட்டல் வேண்டும் என்றது. பிறர்க்கு ஆபத்து விளைப்பவனை உடனே அகற்றலாம். அப்போதும் அவனை விரைவிற் கேட்டேயாகல் வேண்டும்.

பிள்ளைகளைக் கண்டித்தல் தகாதென்று நாம் கூறவில்லை. "என்ன நடந்தது?" என முதலிற் கேட்டுக் கண்டிப்போம். கேட்கப்பட்ட பிள்ளை, தண்டனையிலும் நீதியைக் காண்பான். கேட்கப்படாத பிள்ளையோ, அதில் வலியை மட்டுமே காண்பான்.